லினக்சில் பிணைய அட்டை கண்டறியப்படாமை

பிணைய அட்டை (நெட்வொர்க் கார்டு) என்பது கணினியைக் கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ பிணையத்துடன் இணைக்கும் வன்பொருள் ஆகும். லினக்ஸ் நிறுவிய கணினியில் இணைப்பு தென்படாதபோது, அட்டை பழுதாகிவிட்டதாக எண்ணிப் புதியது வாங்குவோர் உண்டு. பல நேரங்களில் அது வீண்செலவு.

தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் லினக்சை முதலில் பார்த்தது பாஸ் லினக்ஸ் வடிவில்தான். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு இதை உருவாக்கியது. முதல் பதிப்பு 2007இல் வந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் இதுவும் சேர்த்து வழங்கப்பட்டது.

'கண்டறியப்படவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. வன்பொருளே கணினிக்குத் தெரியாதது ஒன்று. வன்பொருள் தெரிந்தும், அதை இயக்கும் மென்பொருள் இல்லாதது மற்றொன்று. இதைப் பிரித்தறிய, முனையத்தில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை என்என்கே என்ற விருப்பத்துடன் இட வேண்டும். யுஎஸ்பி அட்டையானால் எல்எஸ்யுஎஸ்பி.

பட்டியலில் அட்டையே இல்லையென்றால், பயாசில் அது முடக்கப்பட்டுள்ளதா, மேசைக்கணினியில் செருகி தளர்ந்துள்ளதா என்று பார்க்கலாம். விண்டோசும் உள்ள கணினியில், அதன் 'விரைவுத் தொடக்க' வசதி அட்டையை அரைத்தூக்கத்தில் விட்டுவிடுவதுண்டு. அந்த வசதியை நிறுத்திவிட்டு, கணினியை முழுமையாக அணைத்துத் தொடங்கினால் அட்டை திரும்ப வரலாம்.

அட்டையின் பெயர் இருந்து, அதன்கீழ் 'பயன்பாட்டில் உள்ள இயக்கி' என்னும் வரி மட்டும் இல்லையென்றால், பழுது அட்டையில் இருக்க வாய்ப்புக் குறைவு. இயக்கி இருந்தும் நிலைநிரல் (ஃபர்ம்வேர்) இல்லாமல் போவதும் உண்டு. டிமெசேஜ் கட்டளை அதைக் காட்டிவிடும். நிலைநிரல் என்பது அட்டைக்குள் ஏற்றப்படும் சிறு நிரல். ரியல்டெக், பிராட்காம், இன்டெல் வைஃபை அட்டைகள் பலவற்றுக்கு இது தேவை. மூலநிரல் வெளியிடப்படாதது என்பதால் டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் இதை நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2023இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் அந்த நிலை மாறியது.

இணையம் வர நிலைநிரல் வேண்டும். நிலைநிரலைப் பதிவிறக்க இணையம் வேண்டும். மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து 'டெதரிங்' வசதியை இயக்கினால், பெரும்பாலும் தனி இயக்கி ஏதும் இல்லாமலே இணையம் கிடைக்கும். பிறகு பட்டியலில் காணும் அடையாள எண்ணைக் கொண்டு (ரியல்டெக் எண்கள் 10இசி என்றும் இன்டெல் எண்கள் 8086 என்றும் தொடங்கும்) உரிய நிலைநிரல் தொகுப்பைத் தேடி நிறுவி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும்.