வரிசையில் நிற்கும் எழுத்துகள்

கடந்த பனிக்காலத்தில் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். ஊரில் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருபது ஆண்டுகள் கடமையாற்றியவர் அவர். இங்கு உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகின்றார். தொலைபேசியில் அவர் ஆங்கிலத்தில் ஏதோ கூற முயன்றபோது, பன்னிரண்டு வயது மகள் தந்தையின் உச்சரிப்பைப் பழித்துக் காட்டிச் சிரித்தாள். அவர் மறுமொழி கூறவில்லை. தொலைபேசியை அவளிடமே கொடுத்துவிட்டு யன்னலோரம் போய் அமர்ந்துகொண்டார். அந்த மௌனம் எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர் பலருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

சற்றுப் பொறுத்து அச்சிறுமி ஸ்கிறபிள் பலகையை விரித்து, “அப்பா, நீங்களும் வாங்கோ” என்றாள். ஆட்டத்தின் நடுவே, பலகையில் ஏற்கெனவே கிடந்த ‘ஈ’ என்னும் எழுத்தின் இருபுறமும் தம்மிடமிருந்த ஏழு எழுத்துக் கட்டைகளையும் அடுக்கினார் நண்பர். வலிமை எனப் பொருள்படும் ‘ஸ்ரெங்த்’ என்னும் சொல் பிறந்தது. ஏழு கட்டைகளையும் ஒருசேரப் பயன்படுத்தியமைக்கு 50 புள்ளிகள் மேலதிகமாகக் கிடைத்தன. மகள் வியந்து நோக்கினாள். ஒலி தோற்ற இடத்தில் எழுத்து வென்றது. இவ்விளையாட்டில் உச்சரிப்பை எவரும் கேட்பதில்லை. எழுத்துக்கூட்டல் ஒன்றே செல்லும். பிரம்படிக்கு அஞ்சி ஆங்கிலச் சொற்களை எழுத்தெழுத்தாக மனனஞ் செய்த நமது தலைமுறைக்கு அதில் ஒரு தனி அனுகூலம் உண்டு.

இவ்விளையாட்டைப் படைத்தவரும் வேலை இழந்த ஒருவரே என்பது நம்மவர்க்கு ஆறுதல் தரலாம். அல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் தொழிலிழந்து நின்றபோது, செய்தித்தாள்களின் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை தடவை வருகின்றது என எண்ணினார். அந்தக் கணக்கின்படியே கட்டைகளைப் பகிர்ந்தார். இன்றைய ஆங்கிலப் பெட்டியிலுள்ள 100 கட்டைகளில் ‘ஈ’ மட்டும் 12. ‘கியூ’, ‘இசெட்’ என்பன ஒவ்வொன்றே, அவற்றுக்குப் புள்ளி பத்து. ஸ்கிறபிள் என்னும் பெயர் 1948 இல், ஜேம்ஸ் புறூனோ இதனைச் சந்தைப்படுத்த முன்வந்தபோது வந்து சேர்ந்தது.

பலகையின் ஒரு வரிசையில் 15 கட்டங்கள் உள்ளன. அவ்வரிசையை முற்றாக நிரப்பக்கூடிய, ஓர் எழுத்தேனும் இருமுறை வராத சொல் ஆங்கிலத்தில் உண்டா? உண்டு. பதிப்புரிமை பெறவியலாத என்னும் பொருளுடைய ‘அன்கொப்பிறைற்றபிள்’ அத்தகையது. பதினைந்து எழுத்துகளும் வெவ்வேறானவை. ஐந்து உயிரெழுத்துகளும் அதனுள் அடங்கியுள்ளன.

அதற்கு இணையான மற்றொரு சொல்லை ஏதிலியர் எவரும் தம் விரல்களால் அறிவர். ‘டெர்மற்றோகிளிஃபிக்ஸ்’ என்பது அச்சொல். தோல், செதுக்கல் எனப் பொருள்படும் கிரேக்க வேர்களிலிருந்து அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஹறோல்ட் கமின்ஸ் 1926 இல் இதனை ஆக்கினார். விரல் ரேகைகளை ஆராயும் இயல் என்பது பொருள். இதிலும் 15 எழுத்துகள், இதிலும் எந்த எழுத்தும் இருமுறை வராது. ஒருவர் ரேகை மற்றொருவர்க்கு இல்லை என்னும் இயலின் பெயரிலேயே ஓர் எழுத்துப்போல் மற்றோர் எழுத்து இல்லை! ஐரோப்பாவில் 2003 ஆம் ஆண்டிலிருந்து புகலிடக் கோரிக்கையாளரின் விரல் ரேகைகள் பொதுக் கணினித் தொகுப்பு ஒன்றில் பதியப்பட்டு வருகின்றன. மையிலோ கண்ணாடியிலோ விரல் பதித்த வாசகர்கள் இச்சொல்லை இனி மறக்கமாட்டார்கள்.

உயிரெழுத்துகளின் விளையாட்டு வேறுவகையானது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்தும் அகரவரிசைப்படியே, ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வரும் சொற்கள் சில உள. வேடிக்கையாகப் பேசுகின்ற என்னும் பொருளுடைய ‘ஃபசீஷஸ்’, ஊணிலும் குடியிலும் அளவு பேணுகின்ற என்னும் பொருளுடைய ‘அப்ஸ்ரீமியஸ்’ ஆகிய இரண்டும் பெயர் பெற்றவை. ஈற்றில் எல், வை என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் ‘வை’யும் வரிசையில் ஆறாவதாக வந்து நிற்கும். இவ்வரிசையைத் தலைகீழாகக் கொண்ட சொல்லும் உண்டு. துணைக்கண்டத்துக்குரிய என்னும் பொருளுடைய ‘சப்கொன்ரினென்ரல்’ என்பதில் யூ, ஓ, ஐ, ஈ, ஏ என உயிர்கள் பின்னோக்கி நடக்கின்றன. நம் பக்கத்தவர்க்கு இதுவும் பொருத்தமே போலும்!

‘கியூ’ என நாம் ஊரிலேயே வழங்கிய சொல்லையும் நோக்குவோம். எழுத்து ஐந்து. முதல் எழுத்தைத் தனியே உச்சரித்தாலும் அதே ஒலி. ஏனைய நான்கும் வாய்திறவாமல் பின்னால் நிற்கின்றன. கூப்பன் கடை முதல் குடிவரவுத் திணைக்களம் வரை வரிசையில் நின்றே காலங்கழித்த நமக்கு, வரிசையைக் குறிக்கும் சொல்லே ஒரு வரிசையாக நிற்பதில் வியப்பில்லை.

எழுத்து விளையாட்டு வெறும் பொழுதுபோக்குத்தானா என்று கேட்பவர்களுக்கு நாம் பிரான்ஸ் நாட்டு எழுத்தாளர் ஜோர்ஜ் பெரெக்கின் பெயரைச் சொல்வோம். போலந்திலிருந்து வந்து பாரிசில் குடியேறிய யூதப் பெற்றோரின் மகன் அவர். தந்தை 1940 இல் பிரெஞ்சுப் படையில் போராடி மாண்டபோது பெரெக்கிற்கு வயது நான்கு. தாய் 1943 இல் அவுஷ்விற்சுக்கு நாடு கடத்தப்பட்டார், மீளவில்லை. பெரெக் 1969 இல் வெளியிட்ட ‘மறைவு’ என்னும் பொருள்தரும் நாவல், பிரெஞ்சில் மிக அதிகமாக வழங்கும் எழுத்தாகிய ‘ஈ’ ஓரிடத்திலும் வராமல் எழுதப்பட்டது. அவ்வெழுத்தை நீக்கினால் தந்தை, தாய், பெற்றோர், குடும்பம் என்பவற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்களை எழுதவியலாது. நூலாசிரியர் தம் பெயரைத்தானும் எழுதவியலாது. ‘அவ்வெழுத்து இன்றி’, ‘அவர்கள் இன்றி’ என்னும் தொடர்கள் அம்மொழியில் ஏறத்தாழ ஒன்றுபோல ஒலிக்கின்றன என்பதை ஆய்வாளர் சுட்டுவர். இழந்ததைச் சொல்லாமலே சொல்வதற்கு ஓர் எழுத்தின் இன்மை போதுமாயிற்று.

இத்தகைய கட்டுப்பாடு தமிழுக்குப் புதிதன்று. உதடுகள் ஒட்டாமலும் குவியாமலும் பாடும் நிரோட்டம் நம் சித்திரகவிகளுள் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியை இம்முறையிலேயே பாடினார். வகுப்பறையில் இதனைப் பல்லாண்டு கற்பித்தும் நாம் கவனிக்காத ஒன்றை, அந்நிய மண்ணில் ஓர் இரவு உணர்ந்தோம். நிரோட்டத்தில் ‘தாய்’ வரலாம், ‘அம்மா’ வரவியலாது. ‘தந்தை’ வரலாம், ‘அப்பா’ வரவியலாது. ‘வீடு’, ‘ஊர்’, ‘தமிழ்’ மூன்றும் வரவியலா. ஆங்கிலத்தில் ‘ஈ’யை நீக்கிப் பார்த்தாலும் இதே கதைதான். இல்லம், தாய், தந்தை, ஏதிலி ஆகியவற்றுக்கான சொற்கள் யாவும் போய்விடும். புகலிடத்தைக் குறிக்கும் ‘அசைலம்’ மட்டும் எஞ்சி நிற்கும். புகலிடம் கிடைத்தும் இல்லம் கிடையாதவர்க்கு இது வெறும் எழுத்துக்கணக்கன்று.

அன்று விடைபெறும் வேளையில் நண்பரின் மகள் வாசல்வரை வந்தாள். ‘அம்மா’ என்பதில் எத்தனை எழுத்து என அவளிடம் கேட்டோம். ஆங்கிலத்தில் எழுதி எண்ணி, “நான்கு” என்றாள். தந்தை சிரித்தவாறே, “மூன்று, பிள்ளை” என்றார். மேசையில் கிடந்த கட்டைகளைத் திருப்பி, அவற்றின் வெற்றுப் புறத்தில் பென்சிலால் அ, ம், மா என்று எழுதி அவள் முன்னே வைத்தார். அவள் அருகில் அமர்ந்து அடுத்த சொல்லைக் கேட்கத் தொடங்கினாள். நாம் கதவை ஓசையின்றிச் சாத்திவிட்டு வெளியேறினோம்.