“விழிப்புணர்வூட்ட வேண்டும்” என்று எழுதினால் போதுமா?
சுகாதார நடத்தை மாற்றத் திட்டங்களும் அவற்றுக்கான நிதியும்



டெங்கு பற்றிக் கேட்டாலும் சரி, போசாக்கின்மை பற்றிக் கேட்டாலும் சரி, உங்களில் பலர் விடையை ஒரே வசனத்துடன் முடிக்கின்றீர்கள். “எனவே மக்களுக்கு விழிப்புணர்வூட்ட வேண்டும்.” விடைத்தாள் திருத்தும்போது இந்த வசனத்தை நான் எத்தனை நூறு தடவை கண்டிருப்பேனோ தெரியாது. அது பிழையான வசனம் அல்ல. ஆனால் புள்ளி இடுவதற்கு அதில் எதுவும் இல்லை. யார் ஊட்டுவது? எத்தனை வருடங்களுக்கு? அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? ஊட்டியது பலித்ததா என்பதை எவ்வாறு அறிவது? இந்த வினாக்களுக்கு விடை எழுதத் தெரிந்த மாணவருக்கே புள்ளி கிடைக்கும். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்தை எடுப்போர் இப்பகுதியை ஒரு தடவைக்கு இரு தடவை வாசியுங்கள்.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். நோயைத் தடுப்பதற்காக மக்கள் நாளாந்தம் செய்யும் செயல்களையும், அச்செயல்களுக்குப் பின்னால் உள்ள சமூக வழக்கங்களையும் மாற்ற முயலும் திட்டங்களே சமூக மற்றும் நடத்தை மாற்றத் திட்டங்கள் எனப்படும். கை கழுவுதல், நுளம்பு வலைக்குள் உறங்குதல், முதல் ஆறு மாதங்களும் தாய்ப்பால் மட்டும் கொடுத்தல், பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுசெல்லல் என்பன இவற்றுள் அடங்கும். சுவரொட்டி ஒட்டுவதும் வானொலியில் அறிவித்தல் போடுவதும் இதன் ஒரு பகுதி மட்டுமே. ஒருவருக்கு ஒரு விடயம் தெரிந்திருப்பது ஒன்று, அதை அவர் நம்புவது இன்னொன்று, அதைச் செய்ய அவருக்கு வசதியும் வீட்டில் அனுமதியும் இருப்பது வேறொன்று. இம்மூன்றும் சேர்ந்தால்தான் நடத்தை மாறும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம் ஏற்பட்டால் கடையில் ஜீவனி பைக்கற் வாங்கிவந்து ஒரு லீற்றர் நீரில் கரைத்துக் கொடுப்பார்கள். அந்தப் பைக்கற்றின் விலையை எந்தக் கடைக்காரரும் சொல்லுவார். ஆனால் அதை எப்போது, எப்படிக் கரைத்து, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ஒரு நாட்டின் தாய்மார் அனைவரும் அறிந்திருப்பதற்கு எவ்வளவு செலவாகும்? இதற்கு விடை காண வங்காளதேசத்துக்குச் செல்ல வேண்டும்.

வங்காளதேசத்தின் உதாரணம்

உப்பும் சீனியும் கலந்த நீர் உயிர் காக்கும் என்பது 1971ஆம் ஆண்டிலேயே பெருமளவில் நிரூபிக்கப்பட்டுவிட்டது. அவ்வாண்டு போரின்போது இந்திய எல்லையில் இருந்த அகதி முகாம்களில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோன நிலையில், பொங்காவ் என்னும் இடத்தில் வைத்தியர் திலீப் மகலானபிஸ் இக்கரைசலை வாயினால் கொடுக்கச் செய்தார். முப்பது சதவீதமளவில் இருந்த இறப்பு, நான்கு சதவீதத்திலும் குறைந்தது. 1978இல் லான்செட் மருத்துவ சஞ்சிகை, அந்நூற்றாண்டின் மிக முக்கிய மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. அப்படியிருந்தும் கிராமங்களில் பிள்ளைகள் வயிற்றோட்டத்தால் இறந்துகொண்டேயிருந்தனர். மருந்து கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் தாய்மாரிடம் போய்ச் சேரவில்லை.

பஸ்லே ஹசன் அபெத் 1972இல் தொடங்கிய பிராக் என்னும் அரசசார்பற்ற நிறுவனம் 1980இல் இப்பணியைக் கையிலெடுத்தது. நாடு முழுவதற்கும் பைக்கற் செய்து விநியோகிக்க அன்று வசதி இருக்கவில்லை. எனவே வீட்டில் உள்ளதைக் கொண்டே செய்யும் முறையைத் தெரிந்தெடுத்தனர். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். பெண் ஊழியர்கள் குழுவாகக் கிராமம் கிராமமாக நடந்து சென்று, ஒவ்வொரு வீட்டிலும் தாயின் அருகில் இருந்து, நினைவில் வைக்க வேண்டிய பத்து விடயங்களைச் சொல்லிக்கொடுத்தனர். பிறகு அத்தாயையே கரைசலைத் தயாரிக்கச் செய்தனர். எழுத வாசிக்கத் தெரிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

இங்கே கவனியுங்கள், பரீட்சைக்கு மிகவும் பயன்படும் இடம் இது. அந்த ஊழியருக்கு எவ்வாறு சம்பளம் கொடுக்கப்பட்டது? எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்ற கணக்குக்கு அல்ல. சில வாரங்கள் கழித்து வேறொருவர் அவ்வீடுகளில் ஒரு மாதிரியைத் தெரிந்து சென்று, தாயிடம் அந்தப் பத்து விடயங்களையும் கேட்பார், கரைசலைச் செய்துகாட்டச் சொல்வார். அதன் உப்பின் அளவு ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்படும், ஏனெனில் உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. தாய் பெற்ற தரத்துக்கு ஏற்பவே ஊழியரின் கொடுப்பனவு அமைந்தது. தாய்க்கு ஒன்றும் நினைவில்லையென்றால் அவ்வீட்டுக்கு ஊழியருக்கு ஒன்றும் இல்லை. அதாவது பணம் கற்பித்தலுக்குக் கொடுக்கப்படவில்லை, கற்றலுக்கே கொடுக்கப்பட்டது. (எங்களைப் போன்ற ரியூசன் ஆசிரியர்களுக்கு இம்முறை வந்தால் என்னவாகும் என்று நான் யோசிப்பதுண்டு!)

ஆனாலும் ஆரம்பத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருந்தது. தாய்மார் பத்து விடயங்களையும் சரியாகச் சொன்னார்கள். ஆனால் வயிற்றோட்டம் வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. காரணம் தேடியபோது, கற்பித்த ஊழியர்களிற் பலருக்கே அதில் நம்பிக்கையில்லை, தமக்கு வயிற்றோட்டம் வந்தால் அவர்கள் மாத்திரை வாங்குகின்றனர் என்பது தெரியவந்தது. மேலும் இக்கரைசல் வயிற்றோட்டத்தை உடனே நிறுத்துவதில்லை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்து உயிரைக் காக்கிறது. “கொடுத்தும் நிற்கவில்லையே” என்று ஒரு தாய் நினைப்பது இயல்புதானே. அத்துடன் வீட்டு ஆண்களை ஒதுக்கிவிட்டுப் பெண்களிடம் மட்டும் பேசியதால் ஆண்கள் சந்தேகப்பட்டனர். பிராக் இவற்றைத் திருத்தியது. ஊழியர்களை டாக்காவில் உள்ள வயிற்றோட்ட ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்று கரைசல் எவ்வாறு செயற்படுகிறது என்பதை விளக்கியது. ஆண்களைச் சந்தையிலும் பள்ளிவாசலிலும் சந்தித்துப் பேசியது. வானொலி, தொலைக்காட்சியும் துணையாயின.

1990 வரை, பத்து வருடங்கள் இது நடந்தது. 1 கோடி 20 இலட்சம் வீடுகளளவில் கற்பிக்கப்பட்டது. முதலில் ஒக்ஸ்பாம் நிதி வழங்கியது, பின்னர் சுவிட்சர்லாந்து, சுவீடன் நாடுகளின் உதவி நிறுவனங்களும் யுனிசெப்பும் இணைந்தன. பிற்கால ஆய்வுகளில் வங்காளதேசத்தில் வயிற்றோட்டம் கண்ட பத்துப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்கு இக்கரைசல் கொடுக்கப்படுவது பதிவாகியுள்ளது. கொடையாளிகள் முதலாம் வருட முடிவில், “தாய்மார் கொடுக்கவில்லையே” என்று நிதியை நிறுத்தியிருந்தால் இந்தப் பெறுபேறு கிடைத்திருக்காது.

நிதி ஏன் கிடைப்பதில்லை?

உலக சுகாதாரத்துக்கான வெளிநாட்டு நிதி மூன்று வழிகளில் வருகிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நேரடியாகக் கொடுப்பது, உலக சுகாதார ஸ்தாபனம், யுனிசெப், 2000இல் தொடங்கிய கவி தடுப்பூசிக் கூட்டணி, 2002இல் தொடங்கிய உலகளாவிய நிதியம் போன்ற பலநாட்டு அமைப்புகள் மூலம் கொடுப்பது, தனியார் மன்றங்கள் கொடுப்பது. இப்பணத்தின் பெரும்பகுதி ஒரு குறித்த நோய்க்கு அல்லது ஒரு குறித்த பொருளுக்கு என ஒதுக்கப்பட்டே வருகிறது. நடத்தை மாற்றம் பெரும்பாலும் அதற்குள் “தொடர்பாடல்” என்ற சிறு உபதலைப்பாக ஒதுங்கிக்கொள்ளும். வெட்ட வேண்டி வந்தால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

கொடையாளியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பத்து இலட்சம் நுளம்பு வலை கொடுத்தோம் என்று தன் நாட்டுப் பாராளுமன்றத்தில் கணக்குக் காட்டலாம். நோய் வராமற்போன பிள்ளைகளை எண்ணிக் காட்ட முடியுமா? ஒரு திட்டத்தின் காலம் மூன்று முதல் ஐந்து வருடம், வழக்கம் மாறுவதற்கோ ஒரு தலைமுறை வேண்டும்.

அளந்து பார்க்க முயன்றவர்களும் உளர். மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டில் 2012 முதல் 2015 வரை, 14 வானொலிப் பிரதேசங்களில் ஏழில் மட்டும் பிள்ளைகளின் நோய்க்குறிகள் பற்றிய நிகழ்ச்சிகளை ஒலிபரப்பி, ஏனைய ஏழுடனும் ஒப்பிட்டனர். நிகழ்ச்சி கேட்ட பிரதேசங்களில் மலேரியா, நியூமோனியா, வயிற்றோட்டம் ஆகியவற்றுக்காகப் பிள்ளைகளைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுவருதல் அதிகரித்தது. ஆனால் இறப்பு வீதம் இரு பகுதியிலுமே குறைந்துவந்ததால், வீட்டுக் கணக்கெடுப்பில் வித்தியாசத்தைக் காட்ட முடியவில்லை. வெற்றியா தோல்வியா? பலன் உண்டு என்றே நான் வாசித்தேன். ஆனால் நிதி அமைச்சின் கோப்பில் அது “நிரூபிக்கப்படவில்லை” என்றே பதியப்படும்.

எபோலா கற்பித்தது

2013 டிசம்பரில் கினியாவில் தொடங்கிய எபோலா நோய் லைபீரியா, சியரா லியோன் நாடுகளுக்கும் பரவி 28,600 பேரளவில் தொற்றி, 11,300 பேருக்கு மேல் பலிகொண்டது. இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டி, தொட்டு வழியனுப்பும் வழக்கமே பரவலுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று. இதைத் தடுக்கத் தடுப்பூசியும் அப்போது பாவனையில் இல்லை. நடத்தை மாற்றம் ஒன்றே வழி. ஆனால் முதலில் பரப்பிய செய்தி என்ன? “எபோலா கொல்லும், மருந்தில்லை” என்பதுதான். மருந்தில்லையென்றால் எதற்கு வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று மக்கள் நோயாளரை வீட்டிலேயே ஒளித்தனர். 2014 செப்டெம்பரில் கினியாவின் வோமே கிராமத்துக்கு விளக்கமளிக்கச் சென்ற குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். 2014 நவம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் “பாதுகாப்பானதும் கண்ணியமானதுமான” நல்லடக்க முறையை வெளியிட்டது. குடும்பத்தினர் தூரத்தே நின்று பார்க்கவும், மதத் தலைவர் பிரார்த்திக்கவும் இடமளிக்கப்பட்டது. உள்ளூர்ப் பெரியவர்கள் பேசத் தொடங்கிய இடங்களில் எதிர்ப்புத் தணிந்தது.

பெரும் பணம் எங்கே போயிற்று என்றும் பாருங்கள். ஐக்கிய அமெரிக்க இராணுவம் லைபீரியாவில் 11 சிகிச்சை நிலையங்களைக் கட்டியது. அவை திறக்கப்பட்டபோது நோய் குறைந்துகொண்டிருந்தது. அவையனைத்திலும் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளர் மொத்தம் 28 பேர். ஒன்பது நிலையங்களுக்கு ஒருவர்கூட வரவில்லை.

2025இல் நடந்தது

நடத்தை மாற்றத் திட்டங்களுக்கு நீண்டகாலம் பெருமளவில் நிதி வழங்கியது ஐக்கிய அமெரிக்காவின் யூ.எஸ்.எயிட் நிறுவனம். 2025 ஜனவரி 20இல் ஜனாதிபதி ட்ரம்ப் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு இடைநிறுத்தினார். மார்ச் 10இல் யூ.எஸ்.எயிட் திட்டங்களில் 83 சதவீதம் இரத்துச் செய்யப்படுவதாக இராஜாங்கச் செயலாளர் ரூபியோ அறிவித்தார். ஜூலை 1இல் அந்நிறுவனம் உதவி வழங்கும் பணியிலிருந்து முற்றாக விலக்கப்பட்டது. இத்துறையில் முன்னணியில் இருந்த தொடர்பாடல் நிலையமொன்றைக் கொண்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம், 80 கோடி டொலருக்கு மேற்பட்ட நிதியை இழந்ததால் உலகெங்கும் 2,000க்கும் அதிகமானோரை வேலைநீக்குவதாக 2025 மார்ச்சில் அறிவித்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அமெரிக்காவில் அல்ல, 44 நாடுகளில் வேலை செய்த உள்ளூரவர்கள். மொழி தெரிந்து, ஊர் தெரிந்து, யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்பதும் தெரிந்தவர்கள். வலை முடிந்தால் அடுத்த வருடம் வாங்கலாம். கலைந்துபோன அப்படிப்பட்ட குழுவை எங்கே வாங்குவது?

அதே வருடம் பெப்ரவரியில், 1984 முதல் பல நாடுகளில் வீட்டு மட்டச் சுகாதாரத் தரவு திரட்டிவந்த, யூ.எஸ்.எயிட் நிதியிலான குடித்தொகை சுகாதார மதிப்பீட்டுத் திட்டமும் நிறுத்தப்பட்டது. கேட்ஸ் மன்றம் கொடுத்த இடைக்கால நிதியால் சில நாடுகளின் கணக்கெடுப்பு மட்டும் தொடர்ந்தது. எத்தனை தாய்மார் கரைசல் கொடுக்கின்றனர் என்பதை அறிவது இத்தகைய மதிப்பீடுகளால்தான். செய்பவரும் போய், அளப்பவரும் போனால் இழப்பைக் காட்டவும் எண்கள் இராது.

இலங்கை மாணவர் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், வீடு தேடி வரும் சுகாதார ஊழியர் நம் நாட்டில் அரச சேவையின் அங்கமானார். இன்று கர்ப்பிணித் தாயின் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரின் சம்பளம் அரச வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. எந்தக் கணக்கிலும் அது “நடத்தை மாற்ற நிதி” என்ற பெயரில் இல்லை. ஆயினும் அவர் செய்வது அதுவே. வெளிநாட்டுத் திட்டம் முடிந்தாலும் அவர் அடுத்த மாதமும் படலையைத் திறந்துகொண்டு வருவார்.

பயிற்சி வினா

“சுகாதார நடத்தை மாற்றத் திட்டங்கள் வெளிநாட்டு நிதியில் தங்கியிருப்பது நாடொன்றுக்குப் பாதகமானது.” இக்கூற்றை இரு நாடுகளின் உதாரணங்களுடன் ஆராய்க.

ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். வங்காளதேசமும் வெளிநாட்டுப் பணத்தில்தான் வென்றது, அங்கே வேறுபட்டது அப்பணம் எவ்வளவு காலம் வந்தது, எதற்குக் கொடுக்கப்பட்டது என்பதே. ஒன்றரைப் பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். “விழிப்புணர்வு” என்ற சொல்லை ஒரு தடவைக்கு மேல் பாவித்தால் புள்ளி குறைப்பேன்.