டெல்லியில் தடை, ஆலங்குளத்தில் ஓடுமா? பழைய டீசல் எஸ்.யூ.வி. வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

'டெல்லி வண்டி, சல்லிசா வருது' என்ற பேச்சு விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 10 வயதை நெருங்கும் டீசல் எஸ்.யூ.வி.கள் தலைநகரில் விலை சரிந்து மற்ற மாநிலங்களுக்குக் கைமாறுகின்றன. சிமெண்ட் ஆலை உள்ள ஆலங்குளத்தில் இருப்பவருக்கும் அந்த விலை ஆசை காட்டும். கூடவே ஒரு சந்தேகமும் வரும்: 'அங்கே ஓட்டக் கூடாதுன்னு சொன்ன வண்டியை இங்கே ஓட்டலாமா?'

டெல்லி காற்று பற்றிய தீர்ப்பு என்றாலே சிவகாசி வட்டாரத்துக்குப் பட்டாசுதான் நினைவுக்கு வரும். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்தது. ஆறே நாளில், அக்டோபர் 29-ல், டீசல் வண்டிகள் பற்றிய உத்தரவு வந்தது. பட்டாசு உத்தரவு நாடு முழுமைக்கும் பொருந்தியது. டீசல் உத்தரவு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தேசிய தலைநகர் மண்டலத்துக்கும் மட்டும்தான்.

டெல்லியில் என்ன விதி?

10 வயது தாண்டிய டீசல் வண்டியும் 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இந்த வண்டிகளுக்கு பங்க்கில் எரிபொருளே கிடையாது என்ற நடைமுறை தொடங்கி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் நின்றுபோனது. வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. வண்டியின் வயதோடு அதன் பி.எஸ். எண்ணும் இப்போது கணக்கில் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில்?

சொந்த உபயோக டீசல் காருக்கு இங்கே 10 வருடத் தடை இல்லை. ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கியது. 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி.

புகைச் சான்றிதழ் கட்டாயம். பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு அது ஒரு வருடம் செல்லும், அதைவிடப் பழசுக்கு 6 மாதம்தான். விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பி.எஸ். எண் ஏன் முக்கியம்?

பி.எஸ். 4 நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். ஆனால் டெல்லியில் 2010-லேயே வந்துவிட்டது. அதனால் ஒரே வருடத்து, ஒரே மாடல் வண்டி அங்கே பி.எஸ். 4 ஆகவும் இங்கே பி.எஸ். 3 ஆகவும் இருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் கார் கிலோமீட்டருக்கு வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகவும், நுண்துகள் வரம்பு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகவும் இறங்கியது.

பி.எஸ். 6 டீசல்னா கவலையே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. இந்த வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு என்ஜின் நன்றாகச் சூடாகி, வண்டி ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் கடைத்தெரு, ஸ்கூல், பஸ் ஸ்டாண்டு என்று சின்ன ஓட்டம் மட்டும் ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் அப்படியே ஓட்டினால் செலவு பெரிசாகும். வாரம் ஒருமுறை மதுரை நான்குவழிச் சாலையில் போய்வருபவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

பல மாடல்களில் டெஃப் எனப்படும் யூரியா திரவமும் ஊற்ற வேண்டும். அதற்குத் தனி டேங்க் உண்டு. தவறியும் டீசல் டேங்கில் ஊற்றிவிடக் கூடாது.

டீசலா, பெட்ரோலா?

ஒரு மாதிரிக் கணக்கு: டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய். டீசல் எஸ்.யூ.வி. 14 கிலோமீட்டர் மைலேஜ், பெட்ரோல் 10. டீசல் மாடல் ஒன்றரை லட்சம் கூடுதல் விலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் டீசலில் சுமார் 3,500 ரூபாய் மிச்சம். கூடுதல் விலையை எடுக்க மூன்றரை வருடம் ஆகும். மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் மிச்சம் 1,400 ரூபாய், போட்ட பணம் திரும்ப 9 வருடம்.

டெல்லி வண்டி வாங்கும் முன்

* ஆர்.சி.யில் பி.எஸ். எண், பதிவுத் தேதி இரண்டையும் பாருங்கள். 10 வயது வண்டிக்கு ஆர்.சி. காலம் இன்னும் 5 வருடம்தான்.
* டெல்லியில் வயது முடிந்து பதிவு ரத்தான வண்டியா என்பதை பரிவாகன் இணையதளத்தில் சரிபாருங்கள்.
* அந்த ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். கடன் பாக்கி, அபராதம் இருந்தால் அது தாமதமாகும்.
* வேறு மாநிலப் பதிவு எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும். இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் விலை உண்மையிலேயே மலிவா என்பது தெரியும்.

பி.எஸ். 4 எண், சுத்தமான ஆவணங்கள், மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம் ஆகிய மூன்றும் இருந்தால் அந்த வண்டியை யோசிக்கலாம். உள்ளூரிலேயே சுற்றும் குடும்பத்துக்கு பெட்ரோல் வண்டியே போதும்.