அறுபத்தேழு வயதில் மலைப்பாதையில் தனியே...

"வயது போய்விட்டது, இனி என்ன?" என்று பெருமூச்சு விடுபவரா நீங்கள்? அப்படியானால் சகோதரியே, எம்மா கேட்வூட்டின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துப் பண்ணைப் பெண் இவர். பதினொரு பிள்ளைகளின் தாய். கணவரின் அடி உதையை நெடுங்காலம் தாங்கி, இறுதியில் விவாகரத்துப் பெற்றவர். 1954இல் அப்பலாச்சியன் மலைப்பாதையில் தனியே நடக்கப் புறப்பட்டார். வடக்கே, மேய்ன் மாநிலக் காட்டில் வழி தவறினார், மூக்குக்கண்ணாடியும் உடைந்தது. வனக் காவலர்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினர்.

மனம் தளர்ந்தாரா? இல்லை! 1955 மே மாதம், 67 வயதில், இம்முறை தெற்கே ஜோர்ஜியாவிலிருந்து தொடங்கினார். கரடுமுரடான மேய்ன் காடு வந்தபோது கால்கள் நன்கு பழகியிருந்தன. அவரிடம் கூடாரம் இல்லை. தாமே தைத்த துணிப்பை, ஒரு போர்வை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை, காலில் கென்வஸ் சப்பாத்து. அவ்வளவுதான்.

146 நாட்களில் ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர் நடந்து, செப்டெம்பர் 25இல் கட்டாடின் மலையுச்சியை அடைந்தார். ஒரே பருவத்தில் அப்பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்த முதற் பெண் அவரே. 1957இல் மீண்டும் நடந்தார்!

நீங்கள் மலையேற வேண்டுமென்பதில்லை. பாதியில் விட்ட படிப்போ, தையலோ இருக்குமானால், அதனை மறுமுனையிலிருந்து தொடங்கிப் பாருங்களேன்.