மூன்று ஆறு பார்க்க ஒரு நாள்

தனியாக ஊர் சுற்றுவதில் ஒரு சுகம் உண்டு. "இங்கே வேண்டாம், அங்கே போகலாம்" என்று சொல்ல ஆள் கிடையாது. நினைத்த இடத்தில் நிற்கலாம். பசித்தபோது சாப்பிடலாம்.

ஜப்பானில் கியோத்தோ என்று ஒரு பழைய நகரம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் அந்த நாட்டின் தலைநகராக இருந்தது. அங்கே காமோ, தக்கானோ என்ற இரண்டு ஆறுகள் கூடுகின்றன. அந்த இடத்துக்கு ஜனங்கள் சும்மா உட்காரவே போகிறார்கள். ஆற்றின் குறுக்கே ஆமை வடிவத்தில் கல் போட்டிருக்கிறார்கள். ஆமை ஆமையாக மிதித்து அக்கரை போவது வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய வேடிக்கை!

அங்கே இரண்டு ஆறுதான். நம் நெல்லைச் சீமையில் மூன்று ஆறு கூடும் இடம் இருக்கிறது. விமான டிக்கெட் வேண்டாம். பாளையங்கோட்டையில் பஸ் ஏறினால் போதும். ஊரின் பெயர், சீவலப்பேரி.

நடந்தே தொடங்குங்கள்

காலையில் முதலில் சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நடந்து பாருங்கள். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலம் இது. ஒரு காலத்தில் இங்கே பாலம் கிடையாது. ஆற்றில் தண்ணீர் வந்தால் படகுதான். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். 1843-ல் பாலம் திறக்கப்பட்டது. 11 வளைவுகள். பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதே தண்ணீரை மீண்டும் சீவலப்பேரியில் பார்க்கப் போகிறீர்கள்.

பஸ்சில் "முக்கூடல்" என்று டிக்கெட் கேட்டுவிடாதீர்கள். முக்கூடல் என்ற பெயரில் மேற்கே வேறு ஓர் ஊர் இருக்கிறது. அங்கே போய் இறங்கிவிடுவீர்கள்!

சீவலப்பேரி என்றதும் பலருக்கு 1994-ல் வந்த "சீவலப்பேரி பாண்டி" சினிமாதான் ஞாபகம் வரும். அரிவாளும் சண்டையும் நினைவுக்கு வரும். பாவம், ஊர் என்ன செய்யும்? ஸ்ரீவல்லபன் என்ற பாண்டிய மன்னன் பெயரால் வந்த ஊர் இது. ஸ்ரீவல்லபப் பேரேரி என்பதே நாளடைவில் சீவலப்பேரி ஆயிற்று.

சக்களத்திச் சண்டை

பொதிகை மலையில் பிறந்து வருகிறது தாமிரபரணி. குற்றால மலையில் இருந்து வருகிறது சிற்றாறு. மூன்றாவது கோதண்டராம நதி என்கிற கயத்தாறு. மழைக்காலம் போனால் மூன்றாவதில் தண்ணீரைத் தேடத்தான் வேண்டும். மூன்றும் இங்கே கூடுவதால் முக்கூடல்.

"முக்கூடற் பள்ளு" கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுதியவர் யாரென்று பெயர் தெரியாத நூல். அது பாடுவது இந்த இடத்தைத்தான். அதில் ஒரு பள்ளனுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் முக்கூடல்காரி, பெருமாள் பக்தை. இளையவள் மருதூர்க்காரி, சிவன் பக்தை. இருவருக்கும் சண்டை வந்துவிடுகிறது. ஒருத்தி மற்றவள் சாமியையே கேலி செய்கிறாள். மற்றவள் சும்மா இருப்பாளா? கடைசியில் இருவரும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். நடுவில் நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை எல்லாம் வந்துவிடுகின்றன. பண்டிதர் துணை இல்லாமலே சிரித்துக்கொண்டு படிக்கலாம்.

அந்த மருதூரின் பெயரைத் தாங்கிய அணைக்கட்டு ஆற்றில் சற்றுக் கீழே இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தாமிரபரணியில் உள்ள 8 அணைக்கட்டுகளில் இது ஏழாவது.

துர்க்கை அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு வாருங்கள். கட்டுச்சோறு இருந்தால் அவிழுங்கள். மீதியையும் இலையையும் ஆற்றில் மட்டும் போடாதீர்கள். ஏன் என்கிறீர்களா?

கோவில்பட்டி குடிக்கும் தண்ணீர்

இங்கிருந்துதான் கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் போகிறது. ஆற்று மணலில் உறைகிணறு இறக்குகிறார்கள். மணல் வழியாக ஊறி வரும்போது தண்ணீர் வடிகட்டப்படுகிறது. அதை பம்ப் வைத்து, குழாயில் அனுப்புகிறார்கள்.

மணல்தான் இங்கே வடிகட்டி. அதை லாரி லாரியாக அள்ளினால் கிணறு என்ன ஆகும்? இதைக் கேட்டு ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். கம்யூனிஸ்டுத் தலைவர் இரா. நல்லகண்ணு. அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. வக்கீல் வைக்காமல் தாமே வாதாடினார். 2010-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளை, தாமிரபரணியில் மணல் அள்ள 5 ஆண்டுத் தடை விதித்தது.

மணல் தப்பினாலும் அழுக்கு விடவில்லை. காலையில் பாலத்தில் நின்று பார்த்தோமே, அந்த நகரத்துச் சாக்கடை ஆற்றில்தான் கலக்கிறது. அதைத் தடுக்கக் கோரியும் வழக்குகள் நடந்தன. நகரம் மேலே; கிணறு கீழே. மேலே இருப்பவன் கழுவி விட்டதைக் கீழே இருப்பவன் மணலை நம்பிக் குடிக்கிறான். கோவில்பட்டியில் குழாயடியில் குடத்தோடு நிற்கும் தாய்க்கு இது தெரியுமோ என்னவோ!

எப்போது போகலாம்?

தை மாதம் நல்லது. பிசான நெல் பச்சைப் பசேல் என்று நிற்கும். வெயிலும் அவ்வளவு இராது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம். வானொலியில் மழைச் செய்தி கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அடித்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை புரண்டது. அந்த மாதிரி நாளில் ஆற்றங்கரைக்கே போக வேண்டாம். மற்ற நாளிலும், தனியாகப் போகிறவர்கள் தெரியாத துறையில் இறங்கிக் குளிக்கக் கூடாது. துணி துவைத்துக்கொண்டிருக்கும் அக்காமாரிடம் கேளுங்கள். எந்த இடத்தில் ஆழம் என்று கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள்.