திட்டத்தின் பெயர் தெரியும், நாவல் தெரியாது

மலையாளத்தில் சீர்திருத்தம் பேசிய பெண் எழுத்தாளர் என்றால் லலிதாம்பிகா அந்தர்ஜனம் நினைவுக்கு வருவார். நம்பூதிரி இல்லத்துப் பெண்களின் அடைபட்ட வாழ்வைச் சொல்லும் அவருடைய ‘அக்னிசாட்சி’ 1976இல் வெளிவந்து சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதற்கு 40 ஆண்டுகள் முன்பே, 1936இல், ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலை எழுதியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தமிழ்நாட்டு அரசுத் திட்டம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. முதலில் திருமண உதவி, 2022 முதல் மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய். ஆனால் நாவலைத் தேடிப் படிப்பவர் அரிது. பெரியாரின் 1929 மலாயா வருகையை இன்றும் நினைவுகூரும் கிள்ளான் பள்ளத்தாக்கில்கூட, அவரோடு தோள்கொடுத்து நின்ற இந்த எழுத்தாளரைப் பற்றிப் பேச்சே இல்லை. இது பெரிய குறை.

அந்த நாவலை வெறும் பிரசாரம் என்று ஒதுக்குவார்கள். பிரசாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்து பார்த்தவரின் சாட்சியம் அது. 1883இல் பிறந்த அம்மையார், வறுமையால் தாசி வீட்டில் வளர்ந்து, அந்த வாழ்வை உதறி, தம் இசை ஆசிரியரையே மணந்தவர். 1938இல், 55 வயதில், இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைவரை நடந்தவர். பணக்கார மைனரிடம் காசு கறக்கும் வித்தையைத் தாயே மகளுக்குப் பாடமாகச் சொல்லித்தருவதை அவர் எழுதும்போது, பாசமே தொழிலாக்கப்பட்டிருந்த கொடுமை தெரிகிறது. வெளியிலிருந்து இரங்கி எழுதியவர் எவருக்கும் அந்த வீட்டுப் பேச்சு வசப்பட்டிருக்காது.

பெண்களையே வஞ்சகிகளாகக் காட்டிவிட்டார் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. தலைப்பின் முன்பாதியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பின்பாதியில் திருந்த வேண்டியவன் மைனர். அவனுடைய பணமும், சிறுமிகளைக் கோயிலுக்குத் தாசியாக்கும் பொட்டுக்கட்டும் இல்லாமல் அந்த வலை பின்னப்பட்டிருக்காது. தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் இந்த முறையைத் தடுக்கும் சட்டத்தை எதிர்த்தபோது, கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. 1947 சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடுத்தது, பிழைப்புக்கு வழிசெய்யவில்லை. அம்மையாரும் திருமணத்தையே பெரிய விடுதலையாகக் கண்டார். அது அவருடைய எல்லை. ஆனால் கலையைக் காப்பாற்ற இன்னொரு சிறுமிக்குப் பொட்டுக் கட்டலாமா என்ற கேள்விக்கு, அப்படி வளர்ந்த ஒருத்தி தந்த பதிலை ஒதுக்கிவிட்டு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது. தமிழரும் மலையாளிகளும் சேர்ந்து வாழும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாசகர் வட்டம் ‘அக்னிசாட்சி’யையும் இந்த நாவலையும் அருகருகே வைத்துப் படிக்கலாமே.