77-ஆவது நிமிடம்!

லிவர்பூல் நகரம். ஆன்ஃபீல்டு மைதானம். 2016-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள், 6-ஆம் நாள். உள்ளூர்க் குழு இரண்டு கோல் போட்டு முன்னணியில் நிற்கிறது. எதிரே சண்டர்லாந்துக் குழு துவண்டு கிடக்கிறது. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில்! ஆடிப்பாட வேண்டிய நேரம். ஆனால் கடிகார முள் 77-ஆவது நிமிடத்தைத் தொட்டதும் ஒருவர் எழுந்தார், பத்துப்பேர் எழுந்தனர், நூறுபேர் எழுந்தனர். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் எழுந்து, மைதானத்தை விட்டு வெளியே நடந்தனர்!

தீப்பிடித்ததா? இல்லை. கலகம் மூண்டதா? இல்லை. ஆட்டம் பிடிக்கவில்லையா? உயிரினும் மேலாகப் பிடிக்கும்! பின், ஏன் எழுந்தார்கள்?

புதிதாகக் கட்டப்பட்டு வந்த கேலரியில் உயர்ந்த டிக்கெட்டின் விலை 77 பவுன் என்று கிளப்பார் அறிவித்திருந்தனர். அதுவரை உச்சவிலை 59 பவுன். "77 என்றா கேட்டாய்? இதோ எங்கள் 77!" என்று திருப்பிச் சொன்னார்கள் ரசிகர்கள். வாயால் அல்ல, காலால்!

அவர்கள் போனபின் நடந்ததென்ன? சண்டர்லாந்து இரண்டு கோலைத் திருப்பிப் போட்டது, ஆட்டம் சமனாயிற்று. நான்கே நாளில் கிளப்பின் சொந்தக்காரர்களான அமெரிக்க ஃபென்வே நிறுவனத்தார் மன்னிப்புக் கேட்டனர். 77 பறந்தது, 59 நிலைத்தது.

"கடல் கடந்த நாட்டுப் பந்தாட்டம்; நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர் இருக்கக்கூடும். பந்தைப் பற்றியல்ல தோழரே நாம் பேசுவது! அந்த ஆட்டத்தைப் பெற்று வளர்த்தவனைப் பற்றிப் பேசுகிறோம். அவன் யார்?

இன்று உலகெங்கும் கொடிகட்டிப் பறக்கும் மான்செஸ்டர் யுனைடெட், 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் தொடங்கிய குழு. ஆர்சனல், 1886-இல் வூல்விச் ஆயுதச்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. வெஸ்ட் ஹாம், 1895-இல் தேம்ஸ் கரையின் கப்பல் கட்டும் இரும்பாலையில் பிறந்தது. இன்றும் அதன் சின்னத்தில் இருப்பவை இரண்டு சுத்தியல்கள்! வாரமெல்லாம் எந்திரத்தோடு மல்லாடியவன், சனிக்கிழமை அரைநாள் ஓய்வு கிடைத்ததும் சில்லறையை எண்ணிக் கொடுத்து உள்ளே போய் நின்றான். அவன் கொடுத்த காசிலே எழுந்தவை அந்த மைதானங்கள்.

அந்நாளில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு விதி வைத்திருந்தது. பங்குதாரர் எடுக்கும் லாபத்துக்கு வரம்பு உண்டு. இயக்குநருக்குச் சம்பளம் கிடையாது. கிளப் கறவைமாடு அல்ல, ஊர்ச்சொத்து என்பது அதன் பொருள். 1981-இல் இயக்குநருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். 1983-இல் டாட்டன்ஹாம் கிளப் பங்குச் சந்தைக்குப் போனது. எப்படி? கிளப்புக்கு மேலே ஒரு தாய்க் கம்பெனியை உட்கார வைத்தார்கள். விதி கிளப்பைக் கட்டும். தாய்க் கம்பெனியைக் கட்டாது! மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். வேலி இருந்தது, ஆனால் மாடு மேய்ந்தது!

சரி, காசு கொடுத்த ரசிகனை எப்படி வைத்திருந்தார்கள்? 1985 மே 11, பிராட்ஃபோர்டு. பழைய மரக் கேலரி. அதன் அடியிலே ஆண்டாண்டாகச் சேர்ந்த குப்பை. தீப்பற்றியது. 56 பேர் மாண்டனர். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். கம்பிவேலிக் கூண்டுக்குள் மக்களை அடைத்து நெருக்கினார்கள். மூச்சுத் திணறியும் நசுங்கியும் மாண்டவர் 97 பேர். பழி யார்மேல்? செத்தவன்மேல்! "குடித்துவிட்டு வந்தான், டிக்கெட் இல்லாமல் புகுந்தான்" என்றது போலீசு. அது பொய், ரசிகர்மேல் குற்றமில்லை, அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னது 2016-இல். இருபத்தேழு ஆண்டு, தோழர்களே! பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருபத்தேழு ஆண்டு நீதிக்கு அலைந்தார்கள்.

அந்தக் கொடுமையை விசாரித்த நீதிபதி டெய்லர், 1990-இல் அறிக்கை தந்தார். எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்றார். அத்தோடு நிற்கவில்லை. நின்று பார்த்தவனின் பைக்கு ஏற்றதாக இருக்கையின் விலை இருக்கட்டும் என்றும் சொல்லி, கிளாஸ்கோவில் 6 பவுனுக்கு இருக்கை கிடைப்பதை எடுத்துக் காட்டினார். இருக்கை போட அரசும் உதவிற்று. பந்தயச் சூதாட்ட வரியைக் குறைத்து, அந்தப் பணத்தை மைதானங்களுக்குத் திருப்பிவிட்டது. கிளப்புகள் செய்ததென்ன? அறிக்கையின் முதல் பாதியை நிறைவேற்றினார்கள், மறுபாதியை மறந்தார்கள்! இருக்கை வந்தது, அதில் அமர வேண்டியவன் வெளியே போனான்.

1992-இல் பிரீமியர் லீக் பிறந்தது. தொலைக்காட்சிப் பணம் கொட்டியது. 2025 முதல் நான்கு பருவங்களுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 670 கோடி பவுன்! மைதானங்களும் மாறின. ஆர்சனல் 2006-இல் பழைய ஹைபரியை விட்டு, அறுபதாயிரம் பேர் அமரும் புது மைதானத்துக்குப் போனது. புதியதற்கு ஒரு விமான நிறுவனத்தின் பெயர். பழையது அடுக்குமாடிக் குடியிருப்பு. டாட்டன்ஹாம் 2019-இல் திறந்த மைதானத்துக்குள்ளேயே பீர் வடிக்கும் ஆலை! பந்தாட்டம் இல்லாத நாளில் அமெரிக்கக் கால்பந்து, இசைக் கச்சேரி. கம்பெனி விருந்தினருக்குத் தனி அறை, தனி விருந்து.

கச்சேரி நடத்திச் சம்பாதிக்கட்டும். அதில் குற்றம் காணோம். நாம் கேட்பது ஒன்றே: இத்தனை வழியில் வந்து கொட்டியபின்னும், கிழவரின் சலுகையில் கைவைப்பானேன்? 2024-இல் முதியோர் சலுகையைப் படிப்படியாகக் குறைக்க முனைந்தது அதே டாட்டன்ஹாம். அதே ஆண்டு நவம்பரில், பருவத்தின் நடுவிலே, மிச்சமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுக்கெல்லாம் 66 பவுன் என்று விலை வைத்தது மான்செஸ்டர் யுனைடெட். சிறுவனுக்கும் 66, ஓய்வூதியக்காரருக்கும் 66! ரயில்வே தொழிலாளி தொடங்கிய கிளப்பில், ரயில்வே தொழிலாளி தன் பிள்ளையோடு நுழையக் கட்டணம் 132 பவுன்!

"ஆட்டக்காரரின் சம்பளம் ஏறிவிட்டது, என்ன செய்வது?" என்பார்கள். ஆட்டக்காரரின் ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பவன் யார்? 2020-இல் கொள்ளைநோய் வந்தது, மைதானங்கள் வெறிச்சோடின. காலி நாற்காலிகளுக்கு முன் ஆடிய ஆட்டம், உப்பில்லாப் பண்டமாக இருந்தது. தொலைக்காட்சிக்காரர் செய்த தந்திரம் தெரியுமா? பதிவு செய்து வைத்திருந்த மக்கள் ஆரவாரத்தைப் பின்னணியில் ஓடவிட்டனர்! யாருடைய குரல் அது? கேலரியிலே நின்று கத்தியவனின் குரல்! அவன் குரலும் அங்கே விற்பனைச் சரக்கு. அந்தச் சரக்கை ஆக்குகிறவனிடமே கட்டணமும் வாங்குகிறார்கள்.

வேறு வழியே இல்லையா? ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பகுதி உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. டார்ட்மண்ட் நகரின் தெற்குக் கேலரியிலே ஏறத்தாழ 25,000 பேர் இன்றும் நின்று பார்க்கிறார்கள். விம்பிள்டனைப் பாருங்கள். 2002-இல் அவர்கள் கிளப்பை வேற்றூருக்குக் கொண்டுபோக அனுமதி தந்தார்கள் மேலிடத்தார். ரசிகர்கள் ஒப்பாரி வைக்கவில்லை. ஊர்த்திடலிலே ஆட்டக்காரரைத் தேர்ந்து, தங்களுக்கென்று புதுக் கிளப் கண்டார்கள். அடித்தட்டிலிருந்து ஏறி, 2020-இல் தங்கள் பழைய தெருவான பிளவ் லேனுக்கே புது மைதானத்தோடு திரும்பினார்கள்!

2025-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கால்பந்துக்கென ஒரு கண்காணிப்பாளரை அமைத்துச் சட்டம் இயற்றியது. கேட்காமல் மைதானத்தை விற்க இனி முடியாது. நல்லது. ஆனால் சட்டம் தானாக வரவில்லை. ரசிகர்கள் ஆண்டாண்டாக எழுப்பிய குரல் அதைக் கொண்டுவந்தது.

தனியாக ஒருவன் எழுந்து போனால், அவன் இருக்கையில் இன்னொருவனை உட்கார வைப்பான் முதலாளி. பத்தாயிரம் பேர் ஒரே நிமிடத்தில் எழுந்தால்? லிவர்பூல் விடை சொல்லிவிட்டது. கைதட்டும் கைகள் கைகோத்துவிட்டால், கல்லாப்பெட்டி கலங்கும்!